அமெரிக்காவில் மரண தண்டனை: ஒரே குற்றத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

டெட்ராய்ட் குமரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது மிச்சிகன். இங்கே மரண தண்டனையே கிடையாது, 1846-லேயே எடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் தெற்கே போனால் ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரம் வந்துவிடும், அங்கே மரண தண்டனை சட்டத்தில் இருக்கிறது. ஒரே மாதிரி கொலையை ஒருவன் டெட்ராய்ட்டில் செய்தால் சாகும்வரை சிறை, டொலிடோவில் செய்தால் உயிரே போகலாம் என்பது எனக்கு ஜீரணிக்க முடியவில்லை. ஒரே நாடு, ஒரே அரசியல் சட்டம், ஒரே உச்ச நீதிமன்றம், அப்புறம் எப்படி இது?

இன்னொன்றும் புரியவில்லை. மாசசூசெட்ஸில் மரண தண்டனை இல்லை என்கிறார்கள், ஆனால் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு வழக்கில் 2015-ல் மரண தண்டனைதானே கொடுத்தார்கள்? அப்படியென்றால் மாநிலம் ஒழித்ததற்கு என்ன பொருள்? ஒருவரை ஒரு மாநிலத்தில் கடத்திப் போய் எல்லை தாண்டி இன்னொரு மாநிலத்தில் கொன்றால் எந்தச் சட்டம் செல்லும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள். வெறும் பட்டியல் வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. நடைமுறையில் எது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும்.

செந்தில்நாதன் எழுதியது:

குமரன், நல்ல கேள்வி. முதலில் அடிப்படை. அமெரிக்காவில் கொலை, கொள்ளை போன்ற பெரும்பாலான குற்றங்களுக்கு மாநிலச் சட்டம்தான். வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் (நாட்டின் நாடாளுமன்றம்) எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து ஒரே குற்றவியல் சட்டம் போடுவதில்லை. உச்ச நீதிமன்றம் செய்வதெல்லாம் "இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது" என்று சொல்வது மட்டும்தான். அந்தக் கோட்டுக்குள் மாநிலம் எவ்வளவு வேண்டுமானாலும் கடுமையாக இருக்கலாம், ஒரேயடியாக ஒழித்துவிடவும் செய்யலாம்.

1972-ல் ஃபர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்றைக்கு இருந்த மரண தண்டனைச் சட்டங்கள் எல்லாவற்றையும் செல்லாமல் ஆக்கியது. யாருக்கு மரணம், யாருக்குச் சிறை என்பதில் ஒரு ஒழுங்கே இல்லை, குருட்டாம்போக்கில் விழுகிறது என்பதுதான் அதன் சாரம். தண்டனைக்குக் காத்திருந்த 600-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் பிழைத்தார்கள். உடனே மாநிலங்கள் வரிசையாகப் புதுச் சட்டம் எழுதின, 1976-ல் கிரெக் வழக்கில் அதில் சிலவற்றை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே நாளில் வட கரோலினாவின் சட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டது, ஏனென்றால் அங்கே முதல்நிலைக் கொலை என்றாலே கட்டாய மரணம் என்று எழுதியிருந்தார்கள். ஆக, அன்றிலிருந்து விதி இதுதான்: கட்டாய மரண தண்டனை கூடாது, ஒவ்வொரு ஆளையும் தனியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிறகு 2002-ல் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடாது என்றார்கள், 2005-ல் குற்றம் செய்தபோது 18 வயது ஆகாதவர்களுக்குக் கூடாது என்றார்கள், 2008-ல் உயிர் போகாத பாலியல் குற்றத்துக்குக் கூடாது என்றார்கள். (இந்தக் கடைசித் தீர்ப்பை மாற்ற வைக்கவே ஃப்ளோரிடா 2023-லும் டென்னசி 2024-லும் குழந்தை வன்புணர்வுக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டிருக்கின்றன.)

இப்போதைய நிலை: 27 மாநிலங்களில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, 23-ல் இல்லை. ஆனால் இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. உங்கள் டொலிடோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓஹையோவில் சட்டம் இருக்கிறது, மரண தண்டனைக் கைதிகள் 100 பேருக்கும் மேல் இருக்கிறார்கள், ஆனால் கடைசியாக ஒருவரைக் கொன்றது 2018 ஜூலையில். ஆளுநர் டிவைன் வந்த பிறகு தேதி நெருங்க நெருங்கத் தள்ளிவைத்துக்கொண்டே போனார், விஷ ஊசிக்கான மருந்து கிடைக்கவில்லை என்பது காரணம். கன்சாஸ் 1994-ல் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் 1965-க்குப் பிறகு அங்கே ஒருவரும் கொல்லப்படவில்லை. கலிபோர்னியாவில் நாட்டிலேயே அதிகமான மரண தண்டனைக் கைதிகள், 2006-க்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை, 2019-ல் ஆளுநர் நியூசம் முறைப்படி நிறுத்தியும் வைத்துவிட்டார். பென்சில்வேனியாவிலும் 2015 முதல் ஆளுநர் தடை. இன்னொரு பக்கம் டெக்ஸாஸ், 1982-லிருந்து 590-க்கும் மேல். ஃப்ளோரிடாவில் 1976-க்குப் பிறகு ஓர் ஆண்டில் அதிகபட்சம் 8 என்று இருந்தது, 2025-ல் அதன் இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டார்கள். இவை எல்லாம் அந்த 27-க்குள்தான் இருக்கின்றன.

பாஸ்டன் விஷயம்: அது ஃபெடரல் வழக்கு, அதாவது மத்திய அரசு நடத்திய வழக்கு. மாநிலச் சட்டத்துக்கு மேலே ஃபெடரல் அரசுக்குத் தனியாக ஒரு குற்றவியல் சட்டம் உண்டு, பயங்கரவாதம், ஃபெடரல் நிலத்தில் நடக்கும் கொலை போன்றவற்றில் மரண தண்டனை கேட்கலாம், மாநிலம் ஒழித்திருந்தாலும் அது கட்டுப்படுத்தாது. உங்கள் மிச்சிகனிலேயே இது நடந்திருக்கிறது. 1997-ல் மானிஸ்டீ தேசியக் காட்டுப் பகுதியில் ஒரு ஏரியில் இளம் பெண் ஒருவரின் உடல் கிடைத்தது. அந்த ஏரியில் காட்டின் எல்லைக் கோடு குறுக்கே போகிறது, உடல் கிடந்தது கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே, ஃபெடரல் பக்கத்தில். அதனால் ஃபெடரல் வழக்கானது, 2002-ல் மிச்சிகன் ஜூரியே (தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கும் 12 பேர்) மரண தண்டனை கொடுத்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் அது மாநில வழக்கு, மரணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2024 டிசம்பரில் பைடன் 40 ஃபெடரல் மரண தண்டனைக் கைதிகளில் 37 பேருக்கு ஆயுளாகக் குறைத்தபோது அந்தக் குற்றவாளியும் அதில் இருந்தார். பாஸ்டன் குற்றவாளி அந்த 37 பேரில் இல்லை, குறைக்கப்படாமல் விட்ட 3 பேரில் அவர் ஒருவர்.

எல்லை தாண்டிய கொலை பற்றி நேரடியாகவே ஒரு வழக்கு உண்டு, ஹீத் எதிர் அலபாமா, 1985. ஒருவர் தன் மனைவியைக் கொல்ல ஆள் வைத்தார். 1981-ல் அந்தப் பெண்ணை அலபாமாவில் இருந்த வீட்டிலிருந்து கடத்திப் போனார்கள், உடல் கிடைத்தது ஜார்ஜியாவில். ஜார்ஜியா மரண தண்டனை கேட்கப் போவதாகச் சொன்னதும் கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை வாங்கிக்கொண்டார். அதோடு முடிந்தது என்று நினைத்திருப்பார். ஆனால் அலபாமா அதே கொலைக்குத் தனியாக வழக்குப் போட்டு மரண தண்டனை வாங்கியது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறையா என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். இரண்டு மாநிலங்களும் தனித்தனி அதிகாரம் கொண்டவை, ஒவ்வொன்றும் தன் சட்டப்படி தண்டிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். 1992-ல் அலபாமாவில் தண்டனை நிறைவேறியது.

ஹூஸ்டன் மீனாட்சி எழுதியது:

செந்தில் அண்ணா அழகாகச் சொல்லிவிட்டார், நான் ஜூரி பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் என் கண்ணுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம், ஆனால் யாருமே இதைப் பேசுவதில்லை.

குற்றவாளியா இல்லையா என்பதற்கு 12 பேரும் ஒத்துப்போக வேண்டும், இது எல்லா மாநிலத்துக்கும் பொது. அதற்குப் பிறகு தனியாக ஒரு விசாரணை நடக்கும், மரணமா ஆயுளா என்று. அங்கேதான் மாநிலங்கள் பிரிகின்றன. பெரும்பாலான இடங்களில் 12 பேரும் மரணம் என்று சொன்னால்தான் மரணம், ஒரே ஒருவர் மறுத்தாலும் ஆயுள். அலபாமாவில் 10 பேர் போதும். ஃப்ளோரிடாவில் 2023 முதல் 8 பேர் போதும், நாட்டிலேயே இதுதான் குறைந்த அளவு. பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச்சூட்டு வழக்கில் 2022-ல் 9 பேர் மரணம், 3 பேர் ஆயுள் என்று பிரிந்ததால் குற்றவாளிக்கு ஆயுள் கிடைத்தது, அந்தக் கோபத்தில் அடுத்த ஆண்டே சட்டத்தை மாற்றினார்கள். 17 பேரைப் பறிகொடுத்த குடும்பங்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு வழக்குக்காக மாற்றிய சட்டம் இனி வரும் எல்லா வழக்குக்கும் பொருந்தும், அதில் ஆதாரம் பலவீனமான வழக்குகளும் இருக்கும். தவறாகத் தண்டிக்கப்பட்டுப் பின்னால் விடுதலையான மரண தண்டனைக் கைதிகள் நாட்டிலேயே அதிகமாக இருப்பது ஃப்ளோரிடாவில்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மிசூரியிலும் இண்டியானாவிலும் ஜூரி ஒத்துப்போகாவிட்டால் நீதிபதியே முடிவு செய்யலாம். நெப்ராஸ்காவில் தண்டனையை முடிவு செய்வது 3 நீதிபதிகள். அலபாமாவில் 2017 வரை இன்னொரு வழக்கம் இருந்தது: ஜூரி ஆயுள் என்று சொன்னாலும் நீதிபதி அதைத் தள்ளிவிட்டு மரணம் கொடுக்கலாம். அங்கே நீதிபதிகள் தேர்தலில் நின்று ஜெயிப்பவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். 2024 ஜனவரியில் நைட்ரஜன் வாயுவால் முதன்முதலாகக் கொல்லப்பட்ட கென்னத் ஸ்மித் நினைவிருக்கிறதா? அவருடைய ஜூரியில் 11 பேர் ஆயுள் என்றார்கள், ஒருவர்தான் மரணம் என்றார். நீதிபதி மரணம் கொடுத்தார். 2017-ல் அந்த வழக்கத்தை ஒழித்தார்கள், ஆனால் பழைய வழக்குகளுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஒழித்து 6 ஆண்டுக்கு மேல் ஆன பிறகும், அந்த ஒழிக்கப்பட்ட விதியின்படியே ஒருவர் இறந்தார். இதைப் படித்த அன்று எனக்கு ரொம்ப நேரம் வேறு வேலையே ஓடவில்லை.

நான் இருக்கும் டெக்ஸாஸ் முறை இன்னும் வேறு. இங்கே ஜூரியிடம் நேரடியாக மரணமா ஆயுளா என்று கேட்பதில்லை, கேள்விகள் கொடுப்பார்கள். முதல் கேள்வி, இந்த ஆள் இனியும் வன்முறை செய்து சமூகத்துக்கு ஆபத்தாக இருக்க வாய்ப்பு உண்டா என்பது. நடந்ததைப் பற்றி இல்லை, நடக்கப் போவதைப் பற்றிய கேள்வி! கடைசிக் கேள்வி, இவர் வாழ்க்கையில் இரக்கம் காட்டும்படி ஏதாவது இருக்கிறதா என்பது. மரணத்துக்கு 12 பேரும் ஒத்துப்போக வேண்டும். ஆயுள் என்று பதில் எழுத 10 பேர் வேண்டும் என்று தாளில் இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் தானாகவே பரோல் இல்லாத ஆயுள்தான், ஆனால் அதை ஜூரியிடம் சொல்லக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது! அதனால் மனசுக்குள் வேண்டாம் என்று நினைக்கும் ஒருவர், தன் ஒரு ஓட்டால் எதுவும் ஆகாது என்று நினைத்து விட்டுக்கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. இங்கே குடியுரிமை வாங்கிய நம் ஆட்களுக்கு ஜூரி அழைப்பு வரும், அவர்களாவது இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம், மரண தண்டனையை எந்தச் சூழ்நிலையிலும் கொடுக்கவே மாட்டேன் என்று சொல்பவர் அந்த ஜூரியில் உட்கார முடியாது, தேர்வின்போதே நீக்கிவிடுவார்கள். இது எல்லா மாநிலத்திலும் உண்டு. ஊரில் பாதிப் பேர் எதிர்த்தாலும், அந்த 12 நாற்காலியில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

டெட்ராய்ட் குமரன் எழுதியது:

ரொம்ப நன்றி செந்தில் அண்ணா, மீனாட்சி அக்கா. ஏரிக்குள் கோடு போகும் கதை எனக்குத் தெரியவே தெரியாது, இங்கே இத்தனை வருடமாக இருக்கிறேன்.

ஒரு சந்தேகம். ஒரு மாநிலம் சட்டத்தை ஒழித்தால் ஏற்கெனவே தண்டனை வாங்கிக் காத்திருப்பவர்கள் என்ன ஆவார்கள்? அக்கா சொன்ன அலபாமா விஷயம் மாதிரியே ஒழித்த பிறகும் கொல்ல முடியுமா?

செந்தில்நாதன் எழுதியது:

முடியும், அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஹாம்ப்ஷயர் 2019-ல் ஆளுநரின் மறுப்பையும் மீறி ஒழித்தது, ஆனால் இனி வரும் வழக்குகளுக்கு மட்டும் என்று எழுதியது, ஏற்கெனவே தண்டனை பெற்ற ஒருவர் உள்ளே இருந்தார். கனெடிகட் 2012-ல் அதே மாதிரிதான் எழுதியது, ஆனால் 2015-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இனிமேல் தப்பு என்று சொல்லிவிட்டுப் பழையவர்களைக் கொல்வது ஏற்க முடியாது என்று எல்லாருக்கும் நீக்கியது. இல்லினாயில் 2011-ல் ஆளுநர் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே மீதியிருந்த 15 பேருக்கும் ஆயுளாகக் குறைத்தார். மேரிலாந்து 2013-ல் ஒழித்தது, எஞ்சிய 4 பேருக்கும் ஆளுநர் பதவி முடியும் தறுவாயில்தான் குறைத்தார். ஆக, ஒழிப்புச் சட்டத்தில் ஒரு வரி எப்படி எழுதப்படுகிறது என்பதில் சிலரின் உயிர் இருக்கிறது.

2021-ல் வர்ஜீனியா ஒழித்தது எனக்கு உண்மையிலேயே பெரிய விஷயமாகப் பட்டது. காலனி காலத்திலிருந்து கணக்குப் பார்த்தால் நாட்டிலேயே அதிகமான பேரைக் கொன்ற மாநிலம் அது, தென் மாநிலங்களில் முதலில் ஒழித்ததும் அதுதான். 2002-ல் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் மறைந்திருந்து ஒவ்வொருவராகச் சுட்ட இரண்டு பேரைப் பிடித்தது மேரிலாந்தில், அதிகக் கொலை நடந்ததும் மேரிலாந்தில், ஆனால் முதலில் விசாரிக்க அனுப்பியது வர்ஜீனியாவுக்கு. மேரிலாந்தில் அப்போது ஆளுநர் நிறுத்தி வைத்திருந்தார், இருவரில் ஒருவரான 17 வயதுக்காரருக்கு அங்கே மரணம் கேட்கவும் முடியாது, வர்ஜீனியாவில் அன்று இருவருக்குமே கேட்க முடிந்தது. பெரியவருக்கு 2009-ல் தண்டனை நிறைவேறியது. எந்த மாநிலத்தில் கொல்ல முடியும் என்று பார்த்துத்தான் விசாரிக்கும் இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள். அதே வர்ஜீனியா 12 ஆண்டில் ஒழித்துவிட்டது.

ராஜசேகர் ஒமாஹா எழுதியது:

எல்லாரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள், நான் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் நெப்ராஸ்காவில் இருக்கிறேன். இங்கே 2015-ல் சட்டமன்றம், ஆளுநர் மறுத்தும் கேட்காமல் மரண தண்டனையை ஒழித்தது. மக்கள் கையெழுத்து வாங்கி 2016 தேர்தலில் ஓட்டுக்கு விட்டார்கள், சுமார் 60 சதவீதம் பேர் திரும்ப வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள், வந்துவிட்டது. 2018-ல் ஒருவருக்கு நிறைவேற்றவும் செய்தார்கள். கலிபோர்னியா மக்கள் 2012-லும் 2016-லும் ஒழிக்கலாமா என்று கேட்டபோது இரண்டு முறையும் வேண்டாம் என்றார்கள். மிச்சிகன் மக்களுக்கு வேண்டாம், சரி, அவர்கள் தங்கள் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டும், நாங்கள் வைத்திருக்கிறோம். இதில் என்ன அநியாயம்? பல மாநிலங்களாகச் சேர்ந்து ஒரு நாடாக இருப்பதன் பொருளே இதுதானே. வாஷிங்டனில் உட்கார்ந்து ஒரே மாதிரி எல்லாருக்கும் விதிப்பதைவிட இது மேல் என்று நான் நம்புகிறேன்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். சட்டத்தை வைத்துக்கொண்டு நிறைவேற்றாமல் 20, 30 ஆண்டு இழுத்தடிக்கும் மாநிலங்கள். கொலையுண்டவரின் அம்மா ஒவ்வொரு மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றப் படி ஏறி, ஒவ்வொரு தடவையும் அந்த நாளைத் திரும்ப வாழ்ந்து, கடைசியில் முடிவு தெரியாமலே செத்துப் போகிறார். கலிபோர்னியாவில் இப்படி எத்தனை குடும்பங்கள் இருக்கும்! இருந்தால் ஒழுங்காக இருக்கட்டும், இல்லாவிட்டால் மிச்சிகன் மாதிரி நேர்மையாக எடுத்துவிடுங்கள். இரண்டும் இல்லாமல் நடுவில் தொங்கவிடுவதுதான் கொடுமை, கைதிக்கும்கூட.

ஹூஸ்டன் மீனாட்சி எழுதியது:

ராஜசேகர் சார், குடும்பங்கள் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவே மாட்டேன், கடைசி வாக்கியமும் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், அதனால் மாநிலத்துக்கு ஒரு நியாயம் என்று சொல்வதில் ஒரு இடைவெளி இருக்கிறது. முடிவு மாநிலத்தின் கையிலேயே இல்லை, மாநிலத்துக்குள் நம் ஊர் மாவட்டம் மாதிரி இருக்கும் கவுண்டியின் கையில்தான் இருக்கிறது.

மரண தண்டனை கேட்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்தக் கவுண்டியின் அரசு வழக்கறிஞர், பெரும்பாலும் தேர்தலில் ஜெயித்து வந்த ஒரு ஆள். நாட்டில் 3,100 கவுண்டிகளுக்கு மேல் இருக்கின்றன, 1976-க்குப் பிறகு நிறைவேறிய தண்டனைகளில் பாதிக்கு மேல் வெறும் 2 சதவீதக் கவுண்டிகளிலிருந்து வந்தவை என்று 2013-ல் வந்த கணக்கு சொன்னது. நான் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி ஒன்றிலிருந்து மட்டும் 130 பேருக்கு மேல் கொல்லப்பட்டிருக்கிறார்கள், இது பெரும்பாலான மாநிலங்களின் மொத்த எண்ணிக்கையைவிட அதிகம். அதே டெக்ஸாஸில் ஒருவரைக்கூட மரண தண்டனைக்கு அனுப்பாத கவுண்டிகள் நிறைய, ஒரே சட்டம்தான் எல்லாருக்கும். சின்ன கவுண்டிக்கு ஒரு மரண தண்டனை வழக்கை நடத்தும் செலவே தாங்காது. நிபுணர்கள், இரண்டு கட்ட விசாரணை, ஆண்டுக்கணக்கில் மேல்முறையீடு, எல்லாம் வரிப்பணம். அதனால் பணம் இருக்கும் கவுண்டியில் செய்த கொலைக்கு மரணம், இல்லாத இடத்தில் ஆயுள் என்று ஆகிவிடுகிறது. டெக்ஸாஸில் 1999-ல் ஓர் ஆண்டில் 48 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள், இப்போதெல்லாம் ஆண்டுக்கு 10-ஐத் தொடுவதே இல்லை. 2005-ல் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை வந்தது இதற்கு ஒரு பெரிய காரணம், இந்த ஆள் வெளியே வரவே மாட்டான் என்று உறுதியானதும் ஜூரிகள் மரணத்தைத் தேர்ந்தெடுப்பது குறைந்தது.

குடும்பம் என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன். டெக்ஸாஸில் ஒரு வழக்கு, 2003-ல் மகனே திட்டம் போட்டு அம்மாவையும் தம்பியையும் கொல்ல வைத்தான், அப்பாவும் சுடப்பட்டார், ஆனால் பிழைத்துக்கொண்டார். சுட்டவன் ஆயுள் தண்டனையோடு தப்பினான், திட்டம் போட்ட மகனுக்கு மரண தண்டனை. அந்த அப்பா, பாதிக்கப்பட்டவன் நான், எனக்கு இருக்கும் கடைசிப் பிள்ளையையும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சினார். 2018-ல் நேரம் குறித்தாகிவிட்டது, கடைசி ஒரு மணி நேரத்துக்குள்தான் ஆளுநர் அபட் ஆயுளாகக் குறைத்தார். அதுவும் மன்னிப்பு வாரியம் ஒருமனதாகப் பரிந்துரைத்ததால்தான், அந்தப் பரிந்துரை இல்லாமல் டெக்ஸாஸ் ஆளுநரால் தண்டனையைக் குறைக்கவே முடியாது, 30 நாள் தள்ளிவைக்கலாம், அவ்வளவுதான்.

வேல்முருகன் அட்லாண்டா எழுதியது:

கருணை மனு பற்றிப் பேச்சு வந்ததால் நானும் ஒன்று சேர்க்கிறேன். ஜார்ஜியாவில் ஆளுநருக்கு அந்த அதிகாரமே கிடையாது, 5 பேர் கொண்ட வாரியம்தான் எல்லாம். செய்தியில் பெயர் அடிபடும்போதெல்லாம் ஜனங்கள் ஆளுநருக்கு மனு அனுப்புவார்கள், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அலபாமாவில் நேர்மாறு, ஆளுநர் தனியாகவே செய்யலாம். 2025-ல் ஆளுநர் ஐவி ராக்கி மையர்ஸ் என்பவருக்குக் குறைத்தார், அவர் வழக்கிலும் ஜூரி 9க்கு 3 என்று ஆயுள் சொல்லி நீதிபதி தள்ளியதுதான். மீனாட்சி சொன்ன ஸ்மித்துக்கு 11 பேர் ஆயுள் சொன்னார்கள், அவருக்குக் கிடைக்கவில்லை. ஓக்லஹோமாவில் வாரியமும் வேண்டும், ஆளுநரும் வேண்டும், 2021-ல் ஜூலியஸ் ஜோன்ஸுக்கு நிறைவேற்றுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் ஆளுநர் கையெழுத்துப் போட்டார்.

நிறைவேற்றும் முறையும் சொல்ல வேண்டும் என்றால்: பெரும்பாலும் விஷ ஊசிதான், 1982-ல் டெக்ஸாஸில் தொடங்கியது. மருந்து கம்பெனிகள் தங்கள் மருந்தை இதற்குத் தர மறுத்ததும் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பக்கம் ஓடியது. அலபாமாவும் லூசியானாவும் நைட்ரஜனுக்குப் போயின. தென் கரோலினாவில் மருந்து கிடைக்காமல் 13 ஆண்டு நின்று, சப்ளை செய்பவரின் பெயரை ரகசியமாக வைக்கச் சட்டம் போட்டு 2024-ல் மறுபடி ஆரம்பித்தார்கள், அங்கே கைதியே ஊசி, மின்சார நாற்காலி, துப்பாக்கி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 மார்ச்சில் ஒருவர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தார், ஊசியில் என்ன நடக்கும் என்று தெரியாத பயத்தில் என்று அவர் வக்கீல் சொன்னார். ஐடஹோ 2026 ஜூலை முதல் துப்பாக்கியையே முதன்மை முறையாக ஆக்கியிருக்கிறது.

இனம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஜார்ஜியாவில்தான் மெக்லெஸ்கி என்ற மரண தண்டனைக் கைதியின் வழக்கு நடந்தது. கொல்லப்பட்டவர் வெள்ளையர் என்றால் மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு பல மடங்கு என்று 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை வைத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1987-ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தள்ளுபடி செய்தது, புள்ளிவிவரம் போதாது, இந்த ஆளின் வழக்கில் வேண்டுமென்றே பாரபட்சம் காட்டியதை நிரூபிக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல் ஓய்வு பெற்ற பிறகு, என் ஓட்டை மாற்றிக்கொள்ள முடிந்தால் இந்த வழக்கில்தான் மாற்றுவேன் என்று சொன்னார். ஆனால் மெக்லெஸ்கிக்கு 1991-ல் தண்டனை நிறைவேறிவிட்டது. அப்புறம் மாநிலங்கள் தாங்களாகச் சட்டம் போட ஆரம்பித்தன. வட கரோலினா 2009-ல் புள்ளிவிவரத்தை ஏற்கும் சட்டம் கொண்டுவந்து 2013-ல் திரும்ப எடுத்துவிட்டது, கலிபோர்னியா 2020-ல் கொண்டுவந்தது. இங்கேயும் மாநில எல்லைதான் தீர்மானிக்கிறது.

ராஜசேகர் ஒமாஹா எழுதியது:

மீனாட்சி, கவுண்டிக் கணக்கு உறுத்தத்தான் செய்கிறது. மரண தண்டனை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் மாநிலம் முழுக்க ஒரே சட்டத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, அதைக் கேட்பதா வேண்டாமா என்பதை ஒரு கவுண்டியின் பட்ஜெட் தீர்மானிப்பதை என்னாலும் நியாயப்படுத்த முடியாது. செலவை மாநிலமே ஏற்கட்டும், எந்த வழக்கில் கேட்பது என்பதை மாநில அளவில் ஒரு குழு பார்த்து முடிவு செய்யட்டும். ஃபெடரல் வழக்குகளில் அட்டர்னி ஜெனரல் (மத்திய அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) அனுமதி இல்லாமல் கேட்க முடியாதுதானே, அதே மாதிரி வைக்கலாம்.

செந்தில்நாதன் எழுதியது:

அது நல்ல யோசனைதான், ஆனால் ஃபெடரல் அனுபவத்தையும் பாருங்கள். 2003-க்குப் பிறகு 17 ஆண்டு ஒன்றுமே நிறைவேறவில்லை, 2020 ஜூலையிலிருந்து 2021 ஜனவரிக்குள் 13 பேர், பிறகு அடுத்த நிர்வாகம் நிறுத்தி வைத்தது, 37 பேருக்குக் குறைத்தது, அதற்கடுத்த நிர்வாகம் வந்த முதல் நாளே மறுபடி கேட்கச் சொல்லி உத்தரவு. கவுண்டி எல்லைக்குப் பதில் தேர்தல் தேதி தீர்மானிக்கிறது. குழு வைப்பதென்றால் ஆட்சி மாறினாலும் மாறாத, பதவிக்காலம் நிர்ணயித்த ஆட்களாக இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் குடும்பத்தையும் எதிர்த்தரப்பு வக்கீலையும் இருவரையும் கேட்டுவிட்டு, ஏன் இந்த வழக்கில் கேட்கிறோம், அதே மாதிரி இன்னொன்றில் ஏன் கேட்கவில்லை என்று எழுத்தில் தர வேண்டும். இப்போது எந்தக் கவுண்டி வழக்கறிஞரும் அந்தக் காரணத்தை யாருக்கும் எழுதித் தர வேண்டியதில்லை.